நாற்பது குதிரைத் துவக்குக்காரர்

காசிநாதர் மேசைக்குக் கீழே தவழ்ந்துகொண்டிருந்தார். முப்பது வருடம் கிளாக்கராக இருந்த மனுசன், வெள்ளைக் காற்சட்டை அழுக்காவதையும் பாராமல், குப்பைக்கூடையைக் கவிழ்த்துக் கொட்டித் தேடினார். ஒரு கடதாசியைக் காணவில்லை.

வெறும் கடதாசி என்றால் தொலையட்டும் என்று விட்டிருப்பார். அதில் அவருடைய முத்தான கையெழுத்தில் இப்படி இருந்தது: ‘நாற்பது குதிரைத் துவக்குக்காரர் வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்குக் கிழக்குப் பக்கத்தால் துறைமுகத்துக்குள் இறங்குவர். கோட்டை அன்றே விழும்.’ அதற்குக் கீழே திகதி, கையொப்பம், பதவி முத்திரை. முத்திரை குத்தாமல் எதையும் எழுதி முடிக்க அவருக்கு ஏலாது.

விளையாட்டுத்தான். கொம்பியூட்டரில் கோட்டை கட்டிப் படை திரட்டி, பழைய காலத்து ராசாக்கள் மாதிரிச் சண்டை பிடிக்கிற விளையாட்டு. ஆனால் அலுவலகம் இருந்தது திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில். யன்னலுக்கு வெளியே மெய்யான துறைமுகம், கொஞ்சம் தள்ளி மெய்யான கோட்டை. நாடு முழுக்கச் சண்டை. லிங்கநகர் வீட்டுக்குப் போய்ச் சேர மூன்று இடத்தில் பையைத் திறந்து காட்டவேண்டிய காலம். அந்தக் கடதாசியில் குதிரையை ஒருவரும் நம்பமாட்டார்கள். சுடுகிற துவக்கை எல்லாரும் நம்புவார்கள்.

அலுவலகத்துக்கு இரண்டு கொம்பியூட்டர் வந்தபோது, அவற்றைப் பூட்டி இயக்கித் தர வந்தவன் இந்த விளையாட்டையும் உள்ளே போட்டுவிட்டுப் போயிருந்தான். ஒன்று காசிநாதரின் மேசையில். மற்றது விறாந்தையின் அந்தலையில், சாமான் அறையில். இரண்டையும் ஒரு வயர் இணைத்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கேயிருந்து ஒருவர் இவரோடு மோதினார். வேறு ஆர், ஸ்டோர்கீப்பர் ஸஹாப்தீன்தான். அலுவலகக் கொம்பியூட்டரில் விளையாடுவது குற்றம் என்பதால் இருவரும் அதைப்பற்றி ஒரு கதையும் கதைப்பதில்லை. ஆனால் ஸஹாப்தீன் பின்னேரங்களில் இவரைக் கண்டதும் காரணமில்லாமல் சிரிப்பான். அந்தச் சிரிப்புத்தான் வயிற்றைப் பற்றவைத்தது. பதினொரு நாள் தொடர்ந்து தோல்வி. குதிரையில் பாய்ந்து போய்ச் சுட்டுவிட்டு, ஈட்டிக்காரர் கிட்ட வருமுன் திரும்பி ஓடிவருவதுதான் காசிநாதரின் வித்தை. திரும்புகிற நேரம் பார்த்து எதிரி பின்னால் மதில் எழுப்பியிருப்பான்.

அன்றைக்கு வியாழன். காலையில் கடிதங்களைக் கையொப்பக் கோவைக்குள் வைத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்தக் கடதாசியும் அதோடு அலியார் சேரிடம் போயிருக்கவேண்டும். அலுவலகத் தலைவர் அலியார் எதையும் வாசிக்காமல் கையொப்பம் வைக்கிறவர். பிறகு நேரே தபாலுக்கு.

ஓடிப்போனார்.

"சேர், ஒரு கடிதத்தில பிழை விட்டிட்டன். கோவையை ஒருக்காத் தாருங்கோ."

"முப்பது வருசமாப் பிழை விடாத ஆள் நீங்க. இரிங்க காசிநாதர், இண்டைக்கு நானே ஒவ்வொண்டா வாசிச்சுப் பார்க்கன்."

அலியார் கண்ணாடியைப் போட்டுச் சிவப்புப் பேனையைத் திறந்தார். அந்த அலுவலகத்தில் சிவப்புப் பேனை அவரிடம் மட்டும்தான் உண்டு. அந்த நேரம் தேத்தண்ணி ஊற்றுகிற கனகம்மா வந்தாள். கோவையைத் தூக்கி, மேசையைத் துடைத்து, கோப்பையை வைத்து, கோவையைத் திரும்ப வைத்துவிட்டுப் போனாள். காசிநாதர் அவளைப் பார்க்கிற நிலையில் இல்லை.

முதலாவது கடிதம். இரண்டாவது. நாலாவதைச் சேர் தொட்டபோது காசிநாதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். உள்ளுக்குள் ஒரு மாதிரி இருக்கிறது என்று முனகினார்.

அலியார் நல்ல மனுசன், பதறிப்போனார். வாகனத்தைக் கூப்பிட்டார். மிச்சக் கடிதங்களுக்கு வாசிக்காமலே கையொப்பம் வைத்துப் பைக்குள் தள்ளி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் தபாலையும் கொடுத்துவிடும்படி சாரதியிடம் சொன்னார். பை வந்து இருந்தது காசிநாதரின் மடியில்.

சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். ஆமிக்காரப் பொடியன் ஒவ்வொரு கடிதமாகப் பிரட்டினான். காசிநாதர் கண்ணை மூடிக் கோணேசரைக் கும்பிட்டார். கண்ணைத் திறந்தபோது பொடியன் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டிக்கொண்டு நின்றான். இவருக்கு வேர்த்த வேர்வையைப் பார்த்து அவனே பயந்துவிட்டான். பையில் அந்தக் கடதாசி இல்லை.

டொக்டர் நெஞ்சில் ஒரு பழுதையும் காணவில்லை. எதற்கும் உப்பைக் குறைக்கச் சொன்னார். மனைவி அன்னப்பிள்ளை அன்றைக்கே குசினியில் உப்புப் போத்தலை ஒளித்துவிட்டாள்.

பையில் இல்லையென்றால் கடதாசி சேரிடம்தான். உப்பில்லாத கஞ்சியை விட அந்த நினைப்புத்தான் தொண்டைக்குள் இறங்கவில்லை.

வெள்ளி காலை கடதாசி அவருடைய மேசையிலேயே கிடந்தது. அடியில் சிவப்பு மையில் இரண்டு வரி: ‘கிழக்கால் வேண்டாம், அங்கே காவல் கூட. மேற்கால் வரவும்.’

காசிநாதருக்குக் கண் கலங்கிவிட்டது. சேருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்குமேல் யோசனையும் சொல்லியிருக்கிறார். அந்த வழியால் போன அலியார், "சுகமா காசிநாதர்? ஒண்டுக்கும் பயப்படாதீங்க" என்றபோது சந்தேகமே போய்விட்டது. எழும்பி நின்று சலூட் அடித்தார். அலியார் கொஞ்சம் கவலையோடு பார்த்துவிட்டுப் போனார்.

பகல் ஒரு மணிக்கு நாற்பது குதிரையும் மேற்கே திரும்பின. திரை முழுக்கப் புழுதி. கோட்டைக் கதவு தானாகத் திறந்து கிடந்தது. எல்லாம் சேரின் புண்ணியம் என்று நாற்பதையும் உள்ளே விட்டார்.

கதவு மூடிக்கொண்டது. இரண்டு பக்கமும் ஈட்டிக்காரர், விளைந்த வயல் மாதிரி. நாலு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. ஆளில்லாத ஒரு குதிரை மட்டும் கடற்கரையில் நின்று புல் மேய்ந்தது.

காசிநாதர் எழும்பினார். இன்றைக்கு ஸஹாப்தீனை முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது என்று விறாந்தைக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். படலையால் அலியார் சேரும் ஸஹாப்தீனும் தலையில் தொப்பியோடு, அத்தர் மணக்க, பள்ளிவாசலில் ஜும்மாத் தொழுகை முடிந்து வந்துகொண்டிருந்தார்கள். ஸஹாப்தீன் படலைக் காவலாளியைப் பார்த்துச் சிரித்தான். வாசல் பூனையைப் பார்த்துச் சிரித்தான். பிறகு இவரைப் பார்த்தும் அதே சிரிப்பு.

போன வெள்ளியும் இதே நேரம்தானே தோற்றது? அப்போதும் ஸஹாப்தீன் பள்ளிவாசலில் அல்லவா இருந்திருப்பான்?

பின்னால் சாமான் அறைக் கதவு திறந்தது. கையில் தேத்தண்ணித் தட்டத்தோடு, கொண்டையில் செருகிய சிவப்புப் பேனையோடு, கனகம்மா வந்தாள்.

"மேற்கால வாங்கோ எண்டு எழுதினது நான்தான் ஐயா. டொக்டர் உப்பைத்தானே மறிச்சவர், சீனி போடட்டோ?"