கசக்கிப் பார்த்த சட்டை

"இதுவும் கசங்குது" என்று அந்த அம்மாள் உள்ளங்கையைத் திறந்து காட்டினார். துணி அதற்குள் பரீட்சையில் கோட்டை விட்ட பிள்ளை மாதிரி சுருண்டு கிடந்தது.

துணிக்கடைச் சிப்பந்தி அளப்பு அசரவில்லை. கடையில் அவனுக்கு அந்தப் பெயர் வந்தது துணியை அளப்பதால் மட்டும் அல்ல.

"கசங்கினாத்தாம்மா அசல் பருத்தி! கசங்காததை நம்பவே கூடாது."

"அப்ப, கசங்கவே கசங்காத அசல் பருத்தின்னு முதல்ல ஒண்ணு காட்டினியே?"

"அது... அது தனி ரகம்மா."

அம்மாள் அந்தத் தனி ரகத்தின் ஓரத்தில் ஒரு நூலை உருவினார். கைப்பையிலிருந்து தீப்பெட்டி வெளியே வந்தது. நூல் எரியவில்லை; உருகிக் கறுப்பு மணியாகத் திரண்டது. கடை முழுக்க பிளாஸ்டிக் வாடை.

"பருத்தின்னா சாம்பலாகணும்ப்பா. இது வாளி ஆகப் பாக்குது."

கல்லாவிலிருந்து முதலாளி கனைத்தார். அளப்பு ஓடினான். முதலாளி பல்லைக் காட்டிச் சிரித்தபடியே பல்லைக் கடித்தார். "காலைலேர்ந்து ஒரு வியாபாரம் ஆகல. இந்தம்மா வெறுங்கையோட படி இறங்கினா, பின்னாலேயே நீயும் இறங்கிடு. திரும்ப ஏறாதே."

அளப்பு வியர்த்துப்போய் அடுத்த சுருளைப் பிரித்தான். "தூக்கிப் பாருங்கம்மா, என்ன கனம்!"

அம்மாள் துணியை விரலால் அழுத்தித் தேய்த்தார். கஞ்சி மாவு மாவாக உதிர்ந்தது. கனமும் கூடவே போனது. மிச்சத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இது வழியா உங்க முதலாளி தெரியறார். உன்னைத்தான் முறைக்கிறார்."

பதறிப்போய் மேல்தட்டுக்குக் கையை நீட்டினான். அந்தக் கை வழியிலேயே பிடிபட்டது. அம்மாள் அவனுடைய நீலக்கோட்டுச் சட்டையின் கையைக் கசக்கினார். விட்டார். சுருக்கம் சோம்பல் முறித்துக்கொண்டு தானே நிமிர்ந்தது.

"இது எந்தக் கடைத் துணி?"

அடுத்த தெருவில் புதிதாகத் திறந்த கடைத் துணி. "உங்க கடைச் சரக்கு ஒரு துவைப்புக்குத் தாங்காது" என்று மனைவி அங்கே வாங்கித் தைத்தது. ஆனால் முதலாளியின் காது இந்தப் பக்கமே இருந்தது.

"நம்ம கடைச் சரக்குதாம்மா! முதலாளியே தறிக்குப் பக்கத்துல உக்காந்து நெய்ய வச்சது!"

"உள்பக்கம் பாக்கணுமே."

"கழட்டிக் குடுய்யா!" என்று கல்லா முழங்கியது.

அளப்பு பனியனோடு நின்றான். எதிரே இரண்டு பெண்கள் புடவை எடுப்பதை விட்டுவிட்டு அவனைப் பார்த்தார்கள். அம்மாள் சட்டையைப் புரட்டினார். தையல் ஓரம் பார்த்தார், குறுக்கும் நெடுக்குமாக ஓடிய ஊடையும் பாவும் பார்த்தார், ஒரு நூலைக் கொளுத்தி முகர்ந்தார். காகிதம் எரிந்த வாசனை, பொடிச் சாம்பல். அன்றைக்கு முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு.

"நெருக்கமான நெசவு. வேர்வைக்கும் சாயம் அசையல. இதுல முழுச் சுருள் ஒண்ணு வேணும்."

"ஒண்ணு என்னம்மா, குடோன் நிறையக் கெடக்கு!" முதலாளி எழுந்தே விட்டார். "போய் எடுத்துட்டு வாய்யா!"

"சட்டையைக் குடுத்தீங்கன்னா..."

"மாதிரிக்கு இங்கயே இருக்கட்டும்" என்றார் அம்மாள், அதை மடியில் மடித்து வைத்தபடி.

குடோனில் ஏது அந்தத் துணி? பின்வாசல் வழியாக அளப்பு பனியனோடு ஓடினான். நாய் துரத்தியது. தெருவில் யாரோ, "பிடி, பிடி!" என்றார்கள், யாரை என்று நின்று கேட்கவில்லை. புதுக்கடைப் படியேறி, கல்லாவில் இருந்தவரிடம், "அண்ணே, அந்த நீலக்கோடு போட்ட பருத்தி, ஒரே ஒரு சுருள், என் பொழைப்பே அதுலதான்..." என்று மூச்சிரைத்தான்.

அவர் நிதானமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க. எங்க முதலாளியம்மா இப்பதான் உங்க கடைலேர்ந்து போன் பண்ணாங்க: 'பனியனோட ஒருத்தர் ஓடி வருவார், சுருளைக் குடுத்துடாதே, ஆளை விட்டுடாதே, என் துணியை என்கிட்டயே விக்கப் பாத்தவர், நாளைலேர்ந்து நம்ம கடைல நிக்கட்டும்'னு!"