பாய்மரத்தில் ஏறிய மாப்பிள்ளை வேட்டி

பெருமதிப்புக்குரிய சம்மந்தி திரு. லெட்சுமணன் அவர்களின் சமூகத்திற்கு,

சிம்பாங் ரெங்கத்திலிருந்து ஜெயபாலன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி சந்திரமதியும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் கை போனது. பொய் எழுதக் கூடாது என்பதால் உயிரோடு இருக்கிறோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மூவாரில் தாங்களும் சம்மந்தியம்மா கஸ்தூரி அவர்களும், ஜொகூர் பாருவில் மாப்பிள்ளை யுகேந்திரனும் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். இதையெல்லாம் வாட்சாப்பிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் கல்யாணக் குழுவில் முப்பத்தெட்டுப் பேர் இருக்கிறார்கள், அதில் பந்தல்காரரும் ஒருவர். நம் மானம் பந்தல் வரைக்கும் போக வேண்டாம் என்றுதான் தபாலில் எழுதுகிறேன்.

பெண்ணைப் பெற்றவன் சம்மந்தி வீட்டாரிடம் குரலை உயர்த்தக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால்தான் நாம் சேர்ந்து கடலில் போன அந்த மூன்று நாளும் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்ததெல்லாம் வாந்திக்காகத்தான். ஆனால் கடிதத்துக்குக் குரல் இல்லை. ஆகவே மனதில் உள்ளதை அப்படியே கொட்டிவிடப் போகிறேன், தாங்கள் உட்கார்ந்து படிக்கவும்.

முதலில் அந்த அழைப்பு. "ரெண்டு வீடும் பழகணும்பா, சேர்ந்து எங்கயாவது போயிட்டு வாங்க" என்று என் மகள் லோஷினியும் தங்கள் மகனும் சொன்னார்கள். தாங்கள் உடனே போன் போட்டு, "மூணு நாள் கடல் வழியா போலாம் சம்மந்தி. மூவார், பத்து பஹாட், பொந்தியான், குக்குப். எல்லாம் சரித்திரம் உள்ள துறைமுக ஊருங்க. கரை ஓரமாவே போவோம், பார்க்க அவ்வளவு அழகு!" என்றீர்கள். முப்பத்து நான்கு வருடம் பாலோ செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்தவன் நான். எனக்குத் தெரிந்த கப்பல் என்றால் பினாங்கு ஃபெரி மட்டும்தான். அதில் கார் ஏறும், வடை கிடைக்கும். அப்படி ஒன்று என்று நினைத்து, மீசைக்கு மை எல்லாம் போட்டுக்கொண்டு வந்தேன். நிச்சயம் முடிந்து முதல்முறை சம்மந்தி வீட்டுக்குப் போகிறோம், வெறுங்கையோடு போகலாமா என்று சந்திரமதி ஏழு தட்டு அலங்கரித்தாள். வெற்றிலை பாக்கு ஒன்று, லட்டு ஒன்று, ஆப்பிள் ஒன்று, தேங்காய் வாழைப்பழம் ஒன்று, மஞ்சள் குங்குமம் ஒன்று, கற்கண்டு ஒன்று. ஏழாவது தட்டில் மாப்பிள்ளையின் முகூர்த்த வேட்டி. அசல் பட்டு, ஒரு சாண் ஜரிகை, கண்ணாடித் தாள் சுற்றி ரிப்பன் கட்டி, கோயிலில் வைத்துப் பூசை செய்து எடுத்து வந்தது. தங்கள் வாயால் "நல்லா இருக்கு" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது அவள் ஆசை.

தாங்களோ வீட்டுக்கு வரச் சொல்லாமல் நேராகப் படகுத்துறைக்கு வரச் சொல்லிவிட்டீர்கள். வந்து பார்த்தால் கப்பல் எங்கே? தங்களிடம் பள்ளியில் சரித்திரம் படித்த ஹாலிம் என்பவர், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைவிடச் சற்றே பெரிய ஒரு பாய்மரப் படகில் நின்றுகொண்டு "சிக்கு! சிக்கு!" என்று வாத்தியாரைக் கூப்பிட்டுக் கை ஆட்டுகிறார். தட்டுகளைத் தங்கள் வீட்டில் வைத்துவிட்டு வரலாம் என்றால், ஆற்றில் தண்ணீர் வற்றுகிறது, இப்போதே கிளம்பாவிட்டால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும் என்கிறார். காரில் விட்டால் லட்டு உருகும். படகுத்துறையிலேயே தங்கள் கையில் கொடுக்கலாமென்றால் அது முறையில்லை. சம்மந்தி வீட்டு வாசலில் விளக்கேற்றி, ஒற்றைப்படைத் தட்டாகத்தான் கொடுக்க வேண்டும். தாங்களும் ஒப்புக்கொண்டீர்களே! ஆக ஏழு தட்டும் கடலுக்கு வந்தன. நாம் நால்வரும் தட்டுகளுக்கு இடையில் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தோம்.

படகு ஆற்றைத் தாண்டியதும் தாங்கள் ஒரு நீல ஃபைலைத் திறந்தீர்கள். அந்த ஃபைலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மூவாருக்கு பண்டார் மகாராணி என்று ஏன் பெயர் வந்தது, எந்த சுல்தான் காலத்தில் எந்தச் சரக்கு இறங்கியது, சுங்கச்சாவடியின் ஜன்னல் எத்தனை. நான் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தலையைக் கடலுக்கு மேல் தொங்கவிட்டிருக்கிறேன். தாங்கள் என் முதுகைத் தடவிக்கொண்டே மிளகு வியாபாரம் பற்றிச் சொல்கிறீர்கள். கொஞ்சமாவது ஈவு இரக்கம் வேண்டாமா? அந்த நேரம் பார்த்து ஒரு காற்று. வெற்றிலைத் தட்டு எழும்பியது, ஒரு சுற்றுச் சுற்றியது, மலாக்கா நீரிணையில் போய் இறங்கியது. "அலமாக்! போச்சே!" என்றார் சம்மந்தியம்மா. தட்டு ஆறாகிவிட்டது. இரட்டைப்படை! சந்திரமதியின் முகம் செத்துப்போனது.

அதனால் பத்து பஹாட்டில் சரித்திரம் பார்த்தது தாங்கள் மட்டும்தான். உளியால் செதுக்கிய பாறை, சயாம் படைவீரர்கள் தோண்டியதாகச் சொல்லும் கிணறு என்று தாங்கள் ஹாலிமை இழுத்துக்கொண்டு போனீர்கள். நாங்கள் வெயிலில் வெற்றிலை தேடி அலைந்தோம். நான்காவது கடையில் கிடைத்தது. பித்தளைத் தட்டு கிடைக்கவில்லை, ரோஜாப்பூ போட்ட பிளாஸ்டிக் தட்டுதான். பரவாயில்லை, ஏழு ஆயிற்று என்று ஓட்டலில் நிம்மதியாகத் தூங்கினோம். மறுநாள் காலை படகில் ஏறினால், காலைப் பசியாறல் என்று நினைத்து ஹாலிம் ஆப்பிளை எல்லாம் வெட்டி உப்பு மிளகாய் தூவி வைத்திருக்கிறார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் அதில் முதல் துண்டை எடுத்து வாயில் போட்டது யார் சம்மந்தி? "நல்லா இருக்கே, சாப்பிடுங்க" என்று என்னிடம் நீட்டியது யார்? மறுபடியும் ஆறு! பொந்தியான் என்றால் தங்கிப் போகும் இடம் என்று அர்த்தமாம், அந்தக் காலத்தில் கப்பல்கள் அங்கே நின்று போகுமாம், ஃபைலில் இருந்தது. கால் தரையில் பட்டதும் நான் அங்கேயே தங்கிவிடத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் பழம் வாங்க ஓட வேண்டியிருந்தது. அந்த ஊரில் அன்னாசிதான் மலிந்து கிடந்தது. சீர்த்தட்டில் அன்னாசி வைத்த முதல் தமிழன் நானாகத்தான் இருப்பேன்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் மூன்றாம் நாள் காலை நடந்ததை மட்டும் பொறுக்க மாட்டேன். சுமத்ரா பக்கமிருந்து வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பெண்கள் இருவரும் கீழே சிறு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்கள். எஞ்சின் இருமியது, நின்றது. பாய் நடுவில் டர்ரென்று கிழிந்தது. ஒரு பக்கம் மலைபோலக் கப்பல்கள் போகின்றன. மறுபக்கம் கடலில் கம்பங்களை நட்டு மீன் பிடிக்கும் கேலோங். நம் படகு நேராக அந்தக் கம்பங்களை நோக்கிப் போகிறது. ஹாலிம் கிழிசலைக் கையால் பிடித்துக்கொண்டு, "காயின்! காயின்!" என்று துணி கேட்டு அலறுகிறார். நான் அப்போது படகின் மறுபுறம் அமர்ந்து கடலின் அழகை ரசித்துக்கொண்டிருந்தேன். ஆகவே என்ன நடந்தது என்று சரியாகத் தெரியாது. திரும்பிப் பார்த்தால், என் மாப்பிள்ளையின் முகூர்த்த வேட்டி பாய்மரத்தில் ஏறியிருக்கிறது! கிழிசலுக்குக் குறுக்கே கொடுத்து, ஜரிகை ஓரத்தில் ஓட்டை போட்டு, கயிற்றால் கட்டியிருக்கிறது. கயிற்றின் மறுமுனை தங்கள் கையில்!

சம்மந்தி, அது வேட்டியா, கோணிப்பையா? அதை எடுக்க நாங்கள் கிள்ளான் வரை போய் மூன்று கடை ஏறி இறங்கினோம். முகூர்த்தத்துக்கு முன்னால் அந்த ரிப்பனை யாரும் அவிழ்க்கக் கூடாது என்று சொல்லிப் பூசாரி கொடுத்த வேட்டி அது. படகு தப்பியது, நாம் தப்பினோம், அது வேறு விஷயம். குக்குப்பில் தண்ணீருக்குமேல் கட்டிய வீடுகளிலிருந்து ஊர் முழுக்க வெளியே வந்து நம்மைப் போட்டோ எடுத்தது. அதில் ஒன்று எப்படியோ கல்யாணக் குழுவுக்கே வந்து சேர்ந்தது. வேட்டியின் ஜரிகை பளிச்சென்று தெரிகிறது, தாங்கள் கயிற்றைப் பிடித்துச் சிரிப்பதும் தெரிகிறது. பந்தல்காரர் கட்டைவிரல் காட்டியிருக்கிறார். சந்திரமதி மேலே ஏறி வந்து, "யாரு இந்த வேலையைச் செஞ்சது?" என்று கேட்டபோது, "நான்தான் தங்கச்சி, அவசரத்துல தெரியல" என்று தாங்களே ஒப்புக்கொண்டீர்கள். தெரியலையா? சரித்திரம் பூராவும் தெரிகிறது, சீர் வேட்டி தெரியவில்லையா? வேனில் திரும்பி வரும் வழியெல்லாம் அவள் அந்தக் காலித் தட்டைத் துடைத்துக்கொண்டே வந்தாள். தங்கள் வாசலில் விளக்கேற்றித் தட்டைக் கொடுத்தபோது வேட்டி இருந்த தட்டு காலி. ஈர வேட்டி என் பைக்குள். ஆறு தட்டோடு போய் நின்றோம்.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். பத்து நாளுக்குள் சந்திரமதியின் பெயருக்குத் தங்கள் கையெழுத்தில் மன்னிப்புக் கடிதம் வந்து சேர வேண்டும். வராவிட்டால் ஆவணியில் கல்யாணம் இல்லை. மண்டபம் சொல்லியாகிவிட்டது, பத்திரிகை அடித்தாகிவிட்டது, எல்லாம் எனக்கும் தெரியும். சீரை மதிக்காத வீட்டுக்கு என் மகளை அனுப்ப மாட்டேன். இனி என் குடும்பத்தில் யாரும் கடலோடு, மீன் உட்பட, எந்தச் சம்பந்தமும் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

தங்கள் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பும் வணக்கமும். மாப்பிள்ளைக்கு, கல்யாணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும், எங்கள் ஆசீர்வாதம் உண்டு.

இப்படிக்கு,
மனம் கொதித்துக்கொண்டிருக்கும்
ஜெயபாலன்

பின்குறிப்பு: சம்மந்தி, சந்திரமதி தபால்தலை எடுக்க உள்ளே போயிருக்கிறாள். அவசரமாக எழுதுகிறேன். மேலே உள்ளதை அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று வரிக்கு வரி படித்தாள். இரண்டு இடத்தில் "பத்தாது, இன்னும் சூடா எழுதுங்க" என்றாள். ஃபைல் மேல் எனக்குள்ள கோபம் உண்மை, அதை மாற்ற மாட்டேன். ஆனால் வேட்டியை எடுத்தது யார் என்று நம் இருவருக்கும் ஹாலிமுக்கும் தெரியும். அந்தக் கம்பங்கள் நெருங்க நெருங்க, லோஷினி கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்காமலே செத்துவிடுவேனோ என்று பயந்துபோனேன். ரிப்பனை அவிழ்க்கக்கூட நேரமில்லாமல் கண்ணாடித் தாளைப் பல்லால் கடித்துக் கிழித்தது நான்தான். "வேணாம் சம்மந்தி, அது மாப்பிள்ளை வேட்டி!" என்று கத்தி என் இடுப்பைப் பிடித்து இழுத்தது தாங்கள். அவள் வந்து கேட்டதும் நான் தங்கள் முகத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான். தாங்கள் பழியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டீர்கள். என் கூடப் பிறந்தவன்கூட எனக்காக அப்படிச் செய்ததில்லை. தயவுசெய்து அந்த மன்னிப்பையும் எழுதி அனுப்பிவிடுங்கள். தங்களுக்குச் சிரமம் வேண்டாமென்று நானே எழுதித் தருகிறேன்: "தங்கச்சி, வேட்டியைத் தெரியாமல் எடுத்துவிட்டேன், ஜெயபாலன் எவ்வளவோ தடுத்தார், நான்தான் கேட்கவில்லை." இதைப் பார்த்து எழுதினால் போதும். 'எவ்வளவோ' கட்டாயம் இருக்கட்டும். இந்தப் பின்குறிப்பைக் கிழித்துவிடவும்.

இன்னொரு பின்குறிப்பு: அண்ணா, நான் சந்திரமதி எழுதுறேன். உறையை ஒட்டுறதுக்கு முன்னாடி பிரிச்சுப் பார்த்தேன். படகுல நாங்க படுத்திருந்த அறையில ஒரு சின்ன வட்ட ஜன்னல் இருந்திச்சு, ஞாபகம் இருக்கா? கண்ணாடித் தாளைக் கடிச்சது யார் பல்லுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். முப்பத்தொரு வருசமா அந்தப் பல்லுக்குத்தானே சோறு போடுறேன். அவர் வாயால சொல்றாரான்னு பார்த்தேன், உங்ககிட்டயாவது சொல்லிட்டார், போதும். மன்னிப்புக் கடிதம் ஒண்ணும் அனுப்பாதீங்க, பத்து நாள் வாசல்ல நின்னு தபால்காரரை எதிர்பார்க்கட்டும். கஸ்தூரி அக்காகிட்ட சொல்லுங்க, வேட்டியைத் துவைச்சு நிழல்ல காய வெச்சிட்டேன். புதுசு எடுக்க வேணாம், மாப்பிள்ளை அதையே கட்டட்டும். அந்தக் காத்துலயே அவிழாத வேட்டி, மணவறையிலயா அவிழப் போகுது?