ஐந்து மணி வரை செல்லும்

ஒரே கேள்விக்கு இரண்டு தடவை பதில் சொல்வதைவிட உயிரை விடுவது மேல் என்று நினைத்த மனிதரை என் ஆயுசில் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளக் கவரில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி ஆம்பூர் ஷூ கம்பெனி முழுக்க அவர் ‘சிலேட்டு’.

இரண்டாயிரத்து ஐந்தாறு வாக்கில் கம்பெனியின் கம்ப்யூட்டர் ரூமில் நாங்கள் இரண்டே பேர். பேரணாம்பட்டிலிருந்து பஸ் பிடித்து வருகிற அவர், புரோகிராம் எழுதுவதில் ராட்சசன். வந்ததும் கதவில் ஒரு பள்ளிக்கூடச் சிலேட்டைத் தொங்கவிடுவார். யாராவது ஏதாவது கேட்டால் ஒருதடவை பதில் சொல்லி, அதைச் சிலேட்டில் எழுதி, அது எது வரை செல்லும் என்றும் பக்கத்திலேயே எழுதிவிடுவார். அடுத்து வந்து அதையே கேட்பவருக்கு விரலை நீட்டுவார், அவ்வளவுதான். ‘பிரிண்டர் ரிப்பேர். நாளை காலை வரை செல்லும்.’ ‘சாப்பிட்டாச்சு. ஐந்து மணி வரை செல்லும்.’ இந்த இரண்டாவது, தினமும் போன் செய்கிற அவருடைய அம்மாவுக்கு. போனை எடுக்கிற நான்தான் படித்துக் காட்ட வேண்டும்.

ஒருநாள் காலையில் ‘ஜி.எம். ஊரில் இல்லை. ஐந்து மணி வரை செல்லும்’ என்று எழுதியிருந்தார். மூன்று மணிக்கு ஜி.எம்.மே வந்து கதவருகில் நின்று, “ஜி.எம். வந்தாச்சான்னு யாராச்சும் கேட்டாங்களா?” என்றார். சிலேட்டு தலையை நிமிர்த்தாமல் விரலை நீட்டினார்.

“யோவ், இன்னாய்யா இது? நான் இங்க நிக்கிறேன்யா!”

“அஞ்சு மணிக்கு அழிச்சிடறேன் சார்.”

அந்தச் சமயத்தில்தான், ஷூ வாங்குகிற வெளிநாட்டுப் பையர்கள் தங்கள் ஆர்டர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று இன்டர்நெட்டிலேயே பார்த்துக்கொள்ள ஒரு பக்கம் வேண்டும் என்றார் ஜி.எம். நான்தான் எழுதினேன். யார் திறந்தாலும் அது நேரே, ஆர்டர் விவரமெல்லாம் பதிந்திருக்கிற டேட்டாபேஸுக்கு ஓடிப்போய்க் கேட்டுவிட்டு வரும். ஆளாளுக்குத் திறந்ததில் டேட்டாபேஸுக்கு மூச்சு வாங்கியது. பக்கம் வருவதற்குள் டீ ஆறிவிடும். “இத சரி பண்ணலன்னா ஆள மாத்திடுவேன்” என்று ஜி.எம். சொல்லிவிட்டார். அப்பா வேலை பார்த்த, தோல் பதனிடுகிற டேனரி மூடிக் கிடந்தது. வீட்டில் என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

சிலேட்டு என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “இன்னா தோஸ்த், கேட்டதையே கேக்கறானுங்க, நீயும் ஓடி ஓடி சொல்ற. பேஜார் புடிச்ச வேலை. நடுவுல ஒரு சிலேட்டு வெய்யி.”

டேட்டாபேஸ் கனெக்‌ஷனுக்கு முன்னால் கேஷ் என்று ஒன்றை வைத்தார். காசு இல்லை, கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு சிலேட்டு. முதலில் அதில் பதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் மட்டும் டேட்டாபேஸைக் கேட்டு, வந்த பதிலை அதில் போட்டுவைக்க வேண்டும். பக்கம் பறந்தது. ஒவ்வொரு பதிலுக்கும் அவர் வைத்த கெடு? ஐந்து மணி வரை. கேட்கவும் வேண்டுமா!

ஒரு மதியம் சென்னையிலிருந்து பையரின் ஏஜென்ட் வந்தார். ஷூவெல்லாம் அப்போதுதான் பெட்டியில் ஏறி, பேக்கிங்காரர்கள் அதைக் கம்ப்யூட்டரில் பதிந்தும் ஆகியிருந்தது. ஏஜென்ட் பக்கத்தைத் திறந்தால், காலையில் யாரோ கேட்டபோது போட்டுவைத்த பதிலையே எடுத்து ‘தையலில் இருக்கிறது’ என்கிறது!

“லாரி இன்னிக்கு கெளம்பணும், இன்னும் தச்சுனு இருக்கீங்களா? ஆர்டர் வேணாம்னு சொல்லிடவா?”

ஜி.எம். என் பக்கம் திரும்பினார். “நாளையிலேர்ந்து நீ வராத.”

“சார், தப்பு அவன் மேல இல்ல.” சிலேட்டு எழுந்து வந்து எனக்கு முன்னால் நின்றார். “அது நான் வெச்சது. எழுதத் தெரிஞ்ச எனக்கு அழிக்கத் தோணல. கொஞ்சம் டைம் குடுங்க.”

உட்கார்ந்தார். டேட்டாபேஸில் யார் புதிதாக எதைப் பதிந்தாலும், அந்தக் கையோடு கேஷில் இருக்கிற பழைய பதில் அழிந்துவிடுகிற மாதிரி இரண்டையும் முடிச்சுப் போட்டார். பேக்கிங்கில் மறுபடி பதியச் சொன்னார். ஏஜென்ட் திறந்தார்: ‘பெட்டியில் ஏறிவிட்டது.’ மனிதர் அப்போதும் நம்பாமல் குடோனுக்கே போய்ப் பெட்டிகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே வந்தார். ஜி.எம். என்னைப் பார்த்து, “இன்னா நிக்கிற, நாளைக்கு சீக்கிரம் வா, வேலை ஜாஸ்தி” என்றார்.

சாயங்காலம் அவரிடம், “பாய், ரொம்ப நன்றி” என்றேன். அவர் உடனே சிலேட்டில் எழுதினார்: ‘நன்றி வந்து சேர்ந்தது.’ நான் மறுபடி சொல்லிவிடப் போகிறேனே என்ற பயம்தான், வேறென்ன!

மறுநாள் காலையில் பார்த்தேன். மற்றதையெல்லாம் அழித்திருந்தார். அந்த வரி மட்டும் அப்படியே இருந்தது. பக்கத்தில் எது வரை செல்லும் என்று எழுதவே இல்லை.

இத்தனை வருஷம் கழித்து இங்கே இரண்டாவது தடவை சொல்கிறேன், பாய். விரலை நீட்டாதீர்கள்.