எங்கள் தெரு மந்திரிசபை உடைந்த வாரம்

ஒரு தேர்தலில்கூட நிற்காமல், ஒரே ஒரு ஓட்டுகூட வாங்காமல், வருஷக்கணக்கில் முதலமைச்சராக இருந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ஆம்பூரில், எங்கள் தெருவில் இருந்தார். ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். எங்களுக்கு அவர் சி.எம்.

டீக்கடையின் இரண்டு பெஞ்சுகள்தான் தலைமைச் செயலகம். ஞாயிறு காலை மந்திரிசபை கூடும். தெருக் குழாய்க்கு வால்வு திறந்துவிடும் ஏழுமலைக்குப் பொதுப்பணித் துறை. ஷேர் ஆட்டோ ஓட்டும் செல்வத்துக்குப் போக்குவரத்து. தோல் வியாபாரி கவுஸ் பாய்க்கு நிதி. பாய் டீக்குக் காசு எடுத்து யாரும் பார்த்ததில்லை, அந்தக் கைதான் கஜானாவுக்கு லாயக்கு என்பது சி.எம்.மின் தீர்மானம். பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்பதால் எனக்குச் செய்தித் துறை. டீ கிளாஸைத் தொட்டு ரகசியக் காப்புப் பிரமாணம் எடுத்தோம். ரகசியம் சாயங்காலத்துக்குள் தெருக்கோடி வரை போய்விடும்.

அவருக்கு ஒரே ஒரு கிறுக்கு. சென்னையில் என்ன நடக்கிறதோ, அது எங்கள் தெருவிலும் நடந்தாக வேண்டும். அங்கே போக்குவரத்து மந்திரியை நீக்கியதும் இங்கே செல்வத்தை நீக்கினார். செல்வத்துக்கு ரோஷம். சி.எம். கை காட்டியும் ஆட்டோவை நிறுத்தாமல் போனான். மனுஷர் வேர்க்க விறுவிறுக்க கம்பெனிக்கு நடந்தார், கொள்கையை மட்டும் விடவில்லை. சென்னையில் புது மந்திரி வந்த பிறகுதான் செல்வத்துக்கும் பதவி திரும்பக் கிடைத்தது.

அப்படியிருக்கும்போது, ஆளுங்கட்சியே இரண்டாக உடைந்தது. மந்திரிகள் பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம். எம்.எல்.ஏ.க்களை ஏதோ சொகுசு விடுதியில் வைத்திருப்பதாக டிவியில் ஓடியது. சி.எம். எங்களை அவசரமாகக் கூட்டி, நாமும் உடைய வேண்டும் என்றார். அதிருப்தி அணிக்குத் தலைவர் கவுஸ் பாய் என்றும் அவரே அறிவித்தார்.

பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. "நமக்குள்ள இன்னா சண்டை? எதுக்கு இந்த பேஜாரு?" என்றார்.

"சண்டை கெடக்கட்டும் பாய். நீங்க மொதல்ல ஒடைங்க" என்றார் சி.எம்.

பாய் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. சனிக்கிழமை ஒரு வேன் பிடித்து, பிரியாணி டேக்சாவோடு மொத்த மந்திரிசபையையும் ஏலகிரிக்குக் கடத்திக்கொண்டு போய்விட்டார். டிவியில் பார்த்தபடியே எல்லார் போனையும் வாங்கி அணைத்து ஒரு பையில் போட்டுக்கொண்டார். விசுவாசி என்று மிஞ்சியது நான் மட்டும். மலைப்பாதையில் எனக்கு வாந்தி வரும், அதனால் போகவில்லை. இதைச் சி.எம்.மிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சி.எம். காலி பெஞ்சைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "உண்மையாவே போய்ட்டாங்களா?" என்று கேட்டார். முகம் சின்னப்பிள்ளை முகமாகச் சுருங்கிப்போனது. டீ ஆறியது. கொஞ்ச நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

நானும் அவர் மனைவியுமாக வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரத்தக் குழாய் அடைப்பு, மறுநாள் காலையிலேயே ஆபரேஷன், ரத்தம் கொடுக்க ஆட்களைக் கூட்டிவாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் மனைவி என்னைப் பார்த்தார். ஊரிலிருந்து வர வேறு யார் இருக்கிறார்கள்? பாய்க்குப் போன் போட்டேன், அணைந்திருந்தது. ஏழுமலை, செல்வம், எல்லாமே அணைந்திருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் சென்னையில் இருந்த இரண்டு அணிகளையும் சேர்த்துத் திட்டினேன்.

வாடகைக் கார் பிடித்து ஏலகிரி ஏறினேன். வளைவுக்கு வளைவு காரை நிறுத்தி வாந்தி எடுத்தேன். மேலே மந்திரிகள் மரத்தடியில் பிரியாணி தின்றுகொண்டு கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் பாயின் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது.

"நானா ஒடைச்சேன்? அவருதான ஒடைக்கச் சொன்னாரு" என்றார். போட்டது போட்டபடி எல்லாரும் வேனில் ஏறினோம்.

ரத்த வங்கியில் எந்தப் பேஷண்டுக்கு என்று நர்ஸ் கேட்டார். "சி.எம்.முக்கு" என்றான் செல்வம். அவசரத்துக்கு எங்கள் யாருக்குமே அவர் பெயர் வரவில்லை. அவர் வீட்டம்மாதான் வந்து சொன்னார். பாய்க்குச் சர்க்கரை ஜாஸ்தி, எடுக்க மாட்டோம் என்றார்கள். பாய் எல்லாரிடமும் கெஞ்சிப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் முடியும் வரை வாசலிலேயே நின்றார்.

கண் விழித்த பிறகு என்னை உள்ளே விட்டார்கள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"யாராவது வந்தாங்களா?"

"எல்லாரும் வந்தாங்க. பாய் ராத்திரியெல்லாம் உக்காரவே இல்ல. அத்தனை பேரு ரத்தமும் எடுத்துட்டாங்க, அவரோடத மட்டும் எடுக்கலன்னு அழுவுறாரு."

அவர் கண்ணோரம் ஈரமானது. "அப்போ ஆட்சி கவுறல" என்றார்.

கவிழ விட்டுவிடுவோமா அவரை?