சாகாத எண்ணும் ஏழாவது துண்டும்

பாரஹோனா ஊரில் அந்த வாரம் யாரும் யாரையும் நலம் விசாரிக்கவில்லை. "எண் வாங்கியாச்சா?" என்றுதான் கேட்டார்கள். மந்திரித்து நோய் தீர்க்கிற டோன் எலாடியோவின் கனவில் புனிதர் ஒருவர் வந்து 142857 என்று சொல்லிவிட்டுப் போனாராம். புனிதருக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது.

அது சாகாத எண்ணாம். இரண்டால் பெருக்கினால் 285714. மூன்றால் பெருக்கினால் 428571. ஆறு வரை பெருக்கினாலும் அதே இலக்கங்கள்தான் சுற்றிச் சுற்றி வரும். எலாடியோ கரும்பலகையில் பெருக்கிக் காட்டக் காட்ட, கூட்டம் சிலுவைக்குறி போட்டுக்கொண்டது. வீட்டில் எத்தனை பேரோ அத்தனையால் பெருக்கி, காகிதத்தில் எழுதி, தண்ணீரில் கரைத்துக் குடித்தால் நோய் பறந்துவிடும். காகிதம் ஐந்நூறு பேஸோ. கூடவே ஒரு கோழி. புனிதர் சைவம் இல்லை. வீட்டில் ஏழு பேர் என்றால் மட்டும், ஒருவரை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வரச் சொல்லுவார் எலாடியோ.

மிட்டாய்க்காரி யோகாஸ்டாவும் சிரித்துவிட்டுப் போயிருப்பாள், அவள் புருஷன் நிக்காசியோ இன்சுலின் ஊசியை நிறுத்தாமல் இருந்திருந்தால். நாலு நாளாக எண் தண்ணீர்தான். கண் மங்குகிறது, நாக்கு வறள்கிறது என்றால், நோய் இறங்குகிறது என்றார் எலாடியோ. இந்த மனுஷன் செத்துத் தொலைப்பானோ என்று அவளுக்குப் பயம்.

அன்று காலை சந்தையில் தேங்காய் மிட்டாய் வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பவுண்டுக்கு ஏழு துண்டு. ஆறாக வெட்டினால் அவளுக்குக் கட்டாது, எட்டாக வெட்டினால் வாங்குகிறவர்கள் திட்டுவார்கள். ஒரு துண்டின் எடைக்காக, ஒன்றை ஏழால் வகுத்துக் கால்குலேட்டரைத் தட்டினாள். பத்து வருஷமாகத் தினம் பார்க்கிற விடைதான், இன்றுதான் உறைத்தது. கத்தியைப் போட்டுவிட்டு எலாடியோவின் முற்றத்துக்கு நடந்தாள். வரிசையில் நிக்காசியோவும் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தான்.

"டோன் எலாடியோ, ஒண்ணை ஏழால வகுங்க பாப்போம்."

"புனிதர் பெருக்கத்தாம்மா சொன்னாரு. வகுக்கச் சொல்லல."

அவள் கால்குலேட்டரை முன்வரிசையில் நின்ற மீன்காரரிடம் கொடுத்தாள். அவர் வகுத்து உரக்கப் படித்தார்: "சைபர், புள்ளி, ஒண்ணு, நாலு, ரெண்டு, எட்டு, அஞ்சு, ஏழு..."

"அது என் மிட்டாய்ல ஒரு துண்டு. இப்ப ரெண்டை வகுங்க, ரெண்டு துண்டு வரும்."

285714 வந்தது. மூன்றை வகுத்தால் 428571. கரும்பலகையில் இருந்த தெய்வ வாக்கெல்லாம் மீன் வாடையோடு ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

"ஏழு துண்டும் சேர்ந்தா முழு மிட்டாய். அதுக்கு மேல சுத்த என்ன இருக்கு? அதனாலதான் ஏழாவது ஆளை அத்தை வீட்டுக்கு வெரட்டுறாரு."

அவளே கரும்பலகையில் ஏழால் பெருக்கினாள். 999999. சாகாத எண் அத்தனை பேர் முன்னாலும் செத்துக் கிடந்தது. அதுதான் சொர்க்க வாசல் என்றார் எலாடியோ. பிறகு கோழிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வருவதாகச் சொல்லி உள்ளே போனவர், கோழிகளோடு பின்பக்கமாக ஓடிவிட்டார்.

நிக்காசியோ தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஊசி இன்னும் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டான். அவள் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். கூட்டத்தில் பாதி அவள் பின்னாலேயே வந்தது. அதில் ஒருவர் பயபக்தியோடு கேட்டார்: "யக்கா, உங்க மிட்டாய்ல எந்தத் துண்டுக்கு சக்தி அதிகம்?"

யோகாஸ்டா நின்றாள். "மிட்டாய நான் வெட்டிப் பங்கு போட்டுத் தருவேன். புத்திய அவங்கவங்க வீட்லேருந்துதான் கொண்டு வரணும்."