கூறைத் தட்டமும் ஏரிக்கரை ஹைவேயும்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எழுத்துப் பிழைகளும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்.

டொரொன்டோ ஏரிக்கரை மண்டபமொன்றில் என் தங்கை மகனுக்குக் கல்யாணம். மணமகளுக்கான கூறைச் சேலையும் தாலியும் தேங்காயும் வைத்த தட்டம், தாய்மாமனான என் பொறுப்பு. மண்டபம் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் நெரிசலில் கார் அசையவில்லை. முகூர்த்தம் முடிய இன்னும் அரை மணித்தியாலம்.

"அந்தா தெரியுது. நான் நடந்து கொண்டுபோறன்" என்று இறங்கினேன்.

"வழி தெரியாட்டி வாயைத் திறந்து கேப்பியளோ?" என்றாள் காரோட்டிய மனைவி.

"ஓம்" என்றேன். (முப்பது வருடமாக அந்நியர் ஒருவரிடமும் வழி கேட்டதில்லை.)

எனக்கும் மண்டபத்துக்கும் நடுவில் தூண்களின் மேல் ஹைவே. அதன் கீழே இன்னொரு பெருவீதி. ஒரு நடைபாதை வேலியில் முடிந்தது. இன்னொன்று, வாகனங்கள் பறக்கும் இரு வீதிகளுக்கிடையே ஒரு முக்கோணத் திட்டில் என்னைக் கொண்டுபோய் விட்டது. சட்டைப் பையில் கைபேசி அலறியது. இரண்டு கையிலும் தட்டம். கூறைத் தட்டத்தை நிலத்தில் வைக்கலாமா? வேட்டி வேறு இளகத் தொடங்கியது. ஓடிப் பழகிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர், உதவி வேண்டுமா என்று கேட்டார். வெட்கத்தில் சிரித்துவைத்தேன். அவர் தட்டத்துத் தேங்காயைக் கும்பிட்டுவிட்டு ஓடினார்.

அப்போது தூண்களுக்கிடையால் மணமகளே வந்தாள். உடம்பு முழுக்க நகை, காலில் ஓட்டச் சப்பாத்து.

"மாமா, டோன்ட் மூவ்! நான் வாறன். மேல் ஜன்னலால எல்லாரும் உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிக்கினம்!"

நகரசபையில் நடைபாதை அமைக்கும் வேலை அவளுக்கு. என் பையிலிருந்து கைபேசியை எடுத்து, என் மனைவியிடம் "மாமி, ஆள் சேஃப்" என்றாள். பிறகு எனக்குத் தெரியாத ஒரு வழியால் அழைத்துப்போனாள்.

"உந்த ரோட் வேர்ல்ட் வோர் முடிஞ்சாப் பிறகு கட்டினது, மாமா. கார் வேகமாப் போக வேணுமெண்டு சிட்டியையும் லேக்கையும் வெட்டி விட்டிட்டாங்கள். நடக்கிற ஆக்களை ஒருத்தரும் யோசிக்கேல்லை. உங்களில பிழையில்லை."

முகூர்த்தம் ஓடிக்கொண்டிருக்க, கலியாணப் பெண் எனக்கு இத்தனை பொறுமையாக விளக்கினாள்! என்னில் பிழையில்லை என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

நான்கு நிமிடம் மிச்சமிருக்கக் கூறை உடுத்துவந்து தாலி ஏற்றாள்.

மருமகன் இன்றும் விருந்துக்கு விருந்து சொல்லுவான்: "எல்லாற்ற கலியாணத்திலயும் மாப்பிள்ளை பகுதி கூறை கொண்டுவரும். என்ர மனுசி கூறையையும் மாமாவையும் தானே போய்க் கொண்டுவந்தவ."

எழுதி முடித்தது: 17 ஓகஸ்ட் 2025, ஞாயிற்றுக்கிழமை.