சந்துக்குள் வந்த வெந்நீர்த் தொட்டி

ஒத்தடம் கொடுக்க ஒரு ரப்பர் பை வாங்கி வரக் கிளம்பி, நான்கு பேர் உட்காரும் வெந்நீர்த் தொட்டியை வாங்கிவிட்டு வீடு திரும்பிய ஆள் நான். அதுவும் கத்திரி வெயிலில்.

என் மனைவி ஷீலாவுக்கு இடுப்பு வலி. டாக்டர் வெந்நீர் ஒத்தடம் என்றுதான் சொன்னார். அவளையும் கூட்டிக்கொண்டு ரப்பர் பை தேடிப் போன வழியில் குளியலறைச் சாமான்கள் விற்கும் ஷோரூம் ஒன்று கண்ணில் பட்டது. (ஏசி காற்று வாங்கத்தான் நுழைந்தேன்.)

"உள்ள உக்காந்து பாருங்க சார்" என்றார் விற்பனையாளர்.

செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டை பேன்ட்டோடு வெறும் தொட்டியில் சாய்ந்து படுத்தேன். கண்கூட மூடினேன்.

"எந்திரிய்யா, செக்யூரிட்டி சிரிக்கிறான்" என்றாள் ஷீலா.

செக்யூரிட்டி சிரித்துவிட்டான் என்பதற்காகவே வாங்கினேன்.

"வீட்டு வாசல் அகலம் எவ்வளவு சார்?"

"அதெல்லாம் பெரிய வாசல்தான்."

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. வாசலில் ஷீலாவும் நானும் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும்.

மறுநாள் காலை தொட்டி வந்தது. இறக்கியவர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நேராக, பக்கவாட்டில், தலைகீழாக என்று எல்லா வகையிலும் தள்ளிப் பார்த்தோம்.

"வாங்கறதுக்கு முன்னாடி அளந்தியாப்பா?" என்று கேட்டாள் மகள். நான் வியர்வையைத் துடைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு ஆட்டோ டிரைவர் தாஸ் சுற்றிவந்து பார்த்தார். "மாமு, இது வூட்டுக்குள்ள போவாது. வூட்ட வேணா தூக்கி இதுக்குள்ள வெச்சிக்க."

அப்போதுதான் தண்ணீர் லாரி வந்தது. தெருக்கோடியில் இருக்கும் சின்டெக்ஸ் தொட்டிக்குப் போக வழியில்லை. என் தொட்டி சந்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. குடத்தோடு காத்திருந்த தெரு மொத்தமும் என் பக்கம் திரும்பியது.

"இன்னாயா, பேஜாரு பண்ணிகினு கீற! தண்ணி புடிக்கணுமா வேணாமா?"

லாரி டிரைவருக்கு அடுத்த தெரு அவசரம். ஹோஸை எடுத்து என் தொட்டிக்குள்ளேயே விட்டுவிட்டார். பெண்கள் நாலாபுறமும் நின்று மொண்டார்கள். வெயிலில் காய்ந்த தொட்டி என்பதால், "அய்ய, தண்ணி சுடுது" என்ற புகார் வேறு. கடைசியாக, ஷீலாவும் குடத்தோடு வரிசையில் வந்தாள். என்னைப் பார்க்காமல் மொண்டுகொண்டு போனாள்.

விற்றதைத் திரும்ப எடுப்பதில்லை என்றது கடை. இரண்டு நாள் தெருவின் வசவு வாங்கியபின், தாஸ்தான் காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்யும் தன் தோஸ்து ஒருவரை அழைத்து வந்தார். அவர் தன் கடை வாசலை அளந்துவிட்டுத்தான் வந்திருந்தார். சொன்ன விலைக்குக் கொடுத்தேன்.

இப்போது அதில் ஐஸ் கொட்டி வஞ்சிரம் அடுக்குகிறார்கள். நான் மீன் வாங்கி வரும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மகள் பையைத் திறந்து பார்த்துக் கேட்பாள்:

"இது நம்ம தொட்டியில படுத்துதாப்பா?"

"படுத்துது."

"குடுத்து வெச்ச மீனு" என்பாள் ஷீலா.